பின் கண்ணாடி மங்கினால் டாப்பையே மாற்ற வேண்டுமா?

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மராட்டியர் காலத்துக் கோட்டைகள் என்ற தொகுப்பில் சேர்ந்த 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். அந்தப் பெருமையைப் பார்க்க வருகிறவர் பேருந்து நிலையத்தில் இறங்கி, திருவண்ணாமலைச் சாலையில் மேற்கே போக ஆட்டோ பிடிக்கிறார். திரும்பும்போது கோட்டையின் ராஜகிரிக் குன்றைக் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று பின்பக்கம் திரும்பினால், பல ஆட்டோக்களில் தெரிவது கஞ்சித் தண்ணீர் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் சதுரம். பயணிக்கு அது சின்ன ஏமாற்றம், அவ்வளவுதான். ஆனால் அதே சதுரத்தின் வழியாகத்தான் ஓட்டுநரும் நாள் முழுவதும் பின்னால் பார்த்தாக வேண்டும். பேச்சு வழக்கில் எல்லோரும் அதைப் பின் கண்ணாடி என்கிறார்கள். உண்மையில் அது ரெக்சின் டாப்பில் வைத்துத் தைத்த, மெல்லிய, வளையக்கூடிய பிவிசி ஷீட். மேல்நாட்டில் கூரையை மடக்கித் திறக்கும் சொகுசுக் கார்களில் முன்பு இருந்ததும், நம் ஊர்ப் பழைய ஜீப்புகளின் கேன்வாஸ் டாப்பில் இருப்பதும் இதே பொருள்தான். இந்த ஷீட்டை பிரேக் ஷூவைப் போல அவ்வப்போது மாற்ற வேண்டிய தேய்மானப் பொருளாகவே கருத வேண்டும், அது கெட்டதற்காக டாப் முழுவதையும் கழற்றி எறியத் தேவையில்லை, மாற்றும் வேலையை வண்டிக்காரர் தன் கையாலேயே செய்து முடிக்கலாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

ஷீட் ஏன் கெடுகிறது என்று தெரிந்தால் வாதத்தில் பாதி நிலைபெற்றுவிடும். பிவிசி இயல்பில் வளையும் பொருளே கிடையாது. வீட்டில் தண்ணீர் வரும் விறைப்பான குழாயும் பிவிசிதான். 1872இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆய்கன் பௌமன், வினைல் குளோரைடு இருந்த குடுவைகளில் வெயில் பட்டதும் வெள்ளையாக ஒரு திடப்பொருள் உருவானதைக் கண்டார். அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் விளங்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின், 1926இல், அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ சீமன் அதனுடன் எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைச் சூடாக்கிக் கலந்தபோது அது ரப்பர் போல வளைந்தது. அந்தத் திரவத்துக்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். வளையும் ஷீட்டின் எடையில் கால் பங்குக்கு மேலேயே இந்த எண்ணெய்தான். அது பிவிசியோடு வேதியியல் முறையில் கட்டுண்டு கிடப்பதில்லை. இடுக்குகளில் தங்கியிருக்கிறது, சூடு ஏற ஏற மெல்ல வெளியேறுகிறது. நாள்பட்ட ஷீட்டைத் தொட்டால் பிசுபிசுப்பதும், அதில் தூசி அப்பிக்கொள்வதும் இந்தக் கசிவால்தான். எண்ணெய் வற்ற வற்ற ஷீட் சுருங்கி விறைக்கிறது. ஒரு நாள் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது தையல் ஓரமாக விரிசல் விடுகிறது. இன்னொரு பக்கம், வெயிலின் புற ஊதாக் கதிர் பிவிசியின் மூலக்கூற்றிலிருந்து குளோரினைப் பிரித்தெடுக்கிறது. மிச்சமிருக்கும் சங்கிலி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிறது. வெயிலில் பிறந்த பொருளை வெயிலே கொல்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் ஊர் செஞ்சி. பகலெல்லாம் காய்ந்த பாறைக் குன்றுகள் பொழுது சாய்ந்த பிறகும் அனலை விடாத இடம். அங்கே ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோவின் ஷீட் காற்றின் சூட்டைவிட அதிகமாகவே சூடாகிறது.

ரெக்சினும் பிவிசிதானே, அது மட்டும் ஏன் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்கலாம். கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. ரெக்சின் என்பது துணியின் மேல் பூசிய பிவிசி. இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் துணி. பூச்சில் கலந்த கறுப்பு, மஞ்சள் நிறமிகள் வெயிலை மேற்பரப்பிலேயே தடுத்துவிடுகின்றன. ஷீட்டுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. ஒளி ஊடுருவிப் போவதே அதன் வேலை. நிறமி கலந்தால் அந்த வேலையே கெடும். துணி வைத்தால் பார்வை மறையும். ஆக, ஒரே டாப்பில் ஆயுள் வேறுபட்ட இரண்டு பொருள்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். முன்னால் போகக்கூடியது எது என்று தெரிந்த பிறகும், அதற்காகப் பின்னால் போகக்கூடியதையும் சேர்த்து மாற்றுவது வீண் செலவு. ஷீட் சில நூறு ரூபாயில் முடியும். டாப் என்றால் தையல் கூலியோடு ஆயிரங்களில் போய் நிற்கும். வாடகை வண்டி ஓட்டுகிறவருக்கு அது பல நாள் வருமானம்.

மாற்றுவதற்கு முன் கெட்டது எது என்று பார்த்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் மங்கல் எல்லாம் ஒரே வகை இல்லை. மழை நாளில் பால் போல் வெளுத்து, வெயில் வந்ததும் தெளிந்தால் ஷீட் ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது என்று பொருள். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். கிட்ட வைத்துப் பார்த்தால் ஆயிரக்கணக்கான மயிர்க்கோடுகள் தெரிந்தால் அது துணியின் வேலை. உலர்ந்த துணியால் காலையில் ஒரு துடைப்பு துடைப்பது பெரும்பாலான ஸ்டாண்டுகளில் வழக்கம். செஞ்சிச் சாலைத் தூசியில் கருங்கல் பொடி கலந்திருக்கிறது. அதிலுள்ள படிகக்கல் துகள் எஃகையே கீறும், பிளாஸ்டிக் எம்மாத்திரம்? இந்தக் கோடுகளை மட்டும் பற்பசையோ பிளாஸ்டிக் பாலிஷோ போட்டுத் தேய்த்து ஓரளவு போக்கலாம், சில மாதம் ஓடும். ஆனால் மஞ்சளும் பழுப்பும் ஷீட்டின் உடம்புக்குள் நடந்த மாற்றம். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஓரத்தை விரலால் லேசாக மடக்கும்போது நொறுங்குகிற ஓசை கேட்டால் அங்கே பாலிஷ் பேச்சுக்கே இடமில்லை. பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கிறவர்களும் உண்டு. துடைத்த அந்த நேரம் பளிச்சென்று தெரியும். உள்ளிருக்கும் எண்ணெயைக் கரைத்து எடுத்துவிடுவதால் ஷீட் சீக்கிரமே விறைத்து மங்கும்.

ஷீட்டை மட்டும் மாற்றும் யோசனை ஏதோ சிக்கனத்துக்காகக் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். 1989இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 என்ற திறந்த காரை வெளியிட்டபோது, அதன் பிளாஸ்டிக் பின் ஜன்னலைச் சுற்றி ஜிப் வைத்தே தைத்திருந்தது. கூரையை மடக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்க வைக்க அந்த ஏற்பாடு. ஜன்னல் கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றவும் அதே ஜிப் வழி செய்தது. பிறகு 1998இல் வந்த அடுத்த தலைமுறை வண்டிக்குக் கண்ணாடியே வைத்தார்கள். போர்ஷே நிறுவனத்தின் பாக்ஸ்டர் காரும் 1996 முதல் பிளாஸ்டிக் ஜன்னலோடு ஓடி, 2003 மாடலில்தான் கண்ணாடிக்கு மாறியது. விலை உயர்ந்த வண்டிகளிலேயே பிளாஸ்டிக் ஜன்னல் தோற்றது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்த வண்டிகளின் சொந்தக்காரர்களில் எத்தனையோ பேர் விடுமுறை நாளில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகத் தாங்களே ஷீட் மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. நம் ஆட்டோக்காரருக்கு அது பிழைப்போடு சேர்ந்தது. அவருக்குக் காரணம் இன்னும் வலுவானது.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஆட்டோவில் பின்னால் யார் பார்க்கிறார்கள், பக்கத்துக்கு ஒரு கண்ணாடி இருக்கிறதே என்பார்கள். பக்கக் கண்ணாடி காட்டுவது பக்கத்தை. நேர் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் மோட்டார் சைக்கிள் டாப்பின் மறைவில் விழுகிறது. ஓட்டுநரின் தலைக்கு மேலுள்ள சின்னக் கண்ணாடியும் பின் ஷீட்டும் சேர்ந்துதான் அதைக் காட்ட முடியும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலை செஞ்சியைத் தொட்டுப் போகிறது. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில், பின்னால் வரும் பேருந்தின் முகவிளக்கு மங்கிய ஷீட்டில் பட்டால் ஷீட் முழுவதும் ஒரே வெளிச்சப் புகையாகிவிடும். பேருந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்றே தெரியாது. சட்டமும் இந்த ஜன்னலை மறந்துவிடவில்லை. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி வண்டிகளின் ஜன்னல்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும் என்கிறது. மூன்று சக்கர வண்டிகளுக்கும் டாப்பும் பக்கத் திரையும் உள்ள வண்டிகளுக்கும் மட்டும் ஒளி புகும் பிளாஸ்டிக் ஷீட் போதும் என்று விலக்கு தருகிறது. ஒளி புக வேண்டும் என்பது அந்த விலக்கிலேயே அடங்கியிருக்கிறது. அதே விதி பின் கண்ணாடிக்கு 70 சதவீத ஒளியாவது ஊடுருவ வேண்டும் என்றும் சொல்கிறது. பழுப்பேறிய ஷீட்டும், முழுச் சதுரத்தையும் மறைத்து ஒட்டிய நடிகர் படமும் இந்த இடத்தில் ஒன்றுதான். தலைவர் படமாக இருந்தாலும் சலுகை கிடையாது.

வேலைக்கு வருவோம். ஷீட் முக்கால் மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில் இருக்கட்டும். மேசை விரிப்புக்கு விற்கும் ஷீட் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கும். வீட்டுக்குள் கிடப்பதற்காகச் செய்ததில் வெயிலைத் தாங்கும் சேர்மானம் பொதுவாக இருப்பதில்லை. வெளியில் போடுவதற்கென்று, புற ஊதாத் தடுப்போடு வரும் ஷீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். செஞ்சியில் கிடைக்காவிட்டால் சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் வண்டிச் சாமான்களுக்கென்றே இருக்கின்றன. நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் மழையில் இற்றுவிடும், நைலான் வெயிலில் பலம் இழக்கும். குத்தூசி ஒன்று, கனமான தையல் ஊசி இரண்டு, காகிதக் கட்டைப் பிடிக்கும் இரும்பு கிளிப்புகள் பத்துப் பன்னிரண்டு, வாசற்படிக் கோலத்துக்கு எடுக்கும் சாக்குக்கட்டி ஒரு துண்டு. தையலுக்கு வேண்டியது இவ்வளவுதான். குண்டூசி மட்டும் கூடாது. துணியில் குத்திய துளை மூடிக்கொள்ளும், பிவிசியில் குத்தியது கடைசிவரை ஓட்டையாகவே நிற்கும். அளவு குறிக்கப் பால்பாயிண்ட் பேனாவும் வேண்டாம். அந்த மை ஷீட்டுக்குள் ஊறிவிட்டால் எதற்கும் அழியாது.

டாப்பும் சீட்டும் தைக்கும் குஷன் கடைக்காரர் டாப்பைக் கழற்றி, பழைய தையலைப் பிரித்து, புது ஷீட்டை வைத்து மெஷினில் ஓட்டிவிடுவார். கைத்தையல்காரருக்கு அந்த வழி ஒத்துவராது. டாப்பைக் கழற்றியதுமே அதன் இழுவை போய்விடுகிறது. தளர்ந்த ரெக்சினில் அளந்து தைத்த ஷீட், மறுபடி மாட்டும்போது ஒரு மூலையில் இழுத்துக்கொண்டு மறு மூலையில் தொங்கும். புதிதாகச் செய்கிறவர் சறுக்குவது பெரும்பாலும் ஊசியில் இல்லை, இந்த அளவில்தான். ஆகவே டாப் சட்டத்தின் மேல் விறைப்பாக இருக்கும்போதே, பழைய ஷீட்டை எடுக்காமலே, புதியதை உள்பக்கமிருந்து அதன் மேல் வைத்துத் தைப்பது மேல். பழைய ஷீட்டின் அச்சை உள்ளேயிருந்து செய்தித்தாளில் எடுத்து, அதன் ஓரத்தைத் தாண்டி நாலா பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் கூட்டி, மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். கூர்மையான மூலையில்தான் கிழிசல் தொடங்கும். இரண்டு ஷீட்டுக்கும் நடுவே தூசி தங்காமல் துடைத்துவிட்டு, மேல் ஓரத்தின் நடுப்புள்ளியில் முதல் தையல், நேர் கீழே இரண்டாவது, பிறகு இரு பக்கங்கள் என்று குறுக்காகப் போனால் இழுவை சமமாக விழும். கிளிப் எட்டாத இடங்களில் இப்படி ஒற்றைத் தையல் போட்டே ஷீட்டை நிறுத்தலாம்.

தையல் பழைய கோட்டுக்கு வெளியே, புதுக்கோட்டில் போக வேண்டும். வெளியே ஒருவர், உள்ளே ஒருவர் உட்கார்ந்து, குத்தூசி போட்ட ஒரே துளையில் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராக வாங்கி இறுக்கினால், பின்னால் ஒரு இழை அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். இடைவெளி நாலைந்து மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் பலம் என்பது இங்கே தப்புக் கணக்கு: தபால்தலையின் ஓரத்தில் போட்ட துளைவரிசை போல, ஷீட் அந்தக் கோட்டோடு அப்படியே கிழிந்து கையோடு வந்துவிடும். மூன்று பக்கம் முடிந்ததும் இரண்டு ஷீட்டுக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகிவிட்டு நான்காம் பக்கத்தைத் தைக்க வேண்டும். கடைசியில் பழைய ஷீட்டை வெளியிலிருந்து பிளேடால் அதன் தையலுக்கு உள்பக்கமாக வெட்டி எடுக்கும்போது புது ஷீட்டில் கீறல் விழாமல் அந்த அட்டை காக்கும். வெட்டிய வாய் வழியாகவே அட்டையையும் உருவிவிடலாம். பழைய ஷீட்டின் ஓரம் ஒரு நாடா போல உள்ளே தங்கும். பார்வைக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ரெக்சினின் பழைய துளைகள் பிரியாமல் அதுவே பிடித்துக்கொண்டிருக்கும். நேரமும் கவனிக்கத் தக்கது. பிவிசி சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் என்பதால் விடிகாலைக் குளிரில் இழுத்துத் தைத்த ஷீட் மதியம் தொங்கிப்போகும். வெயில் ஏறிய பிறகு, ஆனால் நிழலில் நிறுத்தி, ஷீட் இளகியிருக்கும்போது தைப்பது சரி. சவாரி குறைந்த மதிய வேளை ஆட்டோ ஸ்டாண்டில் சும்மாதான் கழிகிறது. துணைக்கு ஆளும் அங்கேயே இருப்பார்.

கைத்தையலில் மழைத் தண்ணீர் ஒழுகாதா என்பது நியாயமான பயம். மேல் ஓரத்தில் ரெக்சின் ஷீட்டின் மேல் படிந்திருப்பதால் தண்ணீர் வழிந்து போய்விடும். கீழ் ஓரத்தில்தான் ரெக்சினின் விளிம்பில் தண்ணீர் நின்று துளைக்குள் இறங்கும். தைத்தவுடன் மெழுகுவத்தியைத் தையல் மேல் அழுத்தித் தேய்ப்பதும், கீழ் ஓரத்துக்கு மட்டும் பாலியூரித்தேன் சீலன்ட்டை மெல்லிய கோடாக இழுப்பதும் போதும். தையலே வேண்டாம், பசை போட்டு ஒட்டிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: செருப்புக்கும் குஷனுக்கும் போடும் ரப்பர் பசையை, ஷீட்டிலிருந்து கசியும் எண்ணெய் நாளடைவில் இளக்கிக் குழைத்துவிடும். ஒட்டிய அன்று கையால் பிரிக்க முடியாது. கோடை முடிவதற்குள் தானாகப் பிரியும்.

அப்படியானால் ஒரேயடியாகக் கண்ணாடியோ பாலிகார்பனேட்டோ போட்டுவிட்டால் என்ன? கார் நிறுவனங்களே மாறிவிட்டனவே என்ற வாதம் வலுவானதுதான். அவர்கள் கூரையின் சட்டத்தையே கண்ணாடிக்கு ஏற்றபடி திருத்தி வடிவமைத்த பிறகு மாறினார்கள். ஆட்டோவின் டாப் குழாய்ச் சட்டத்தின் மேல் இழுத்துப் போர்த்திய ரெக்சின். வண்டி குலுங்கும்போதெல்லாம் அதுவும் அசையும். அதில் கனமான கண்ணாடியை வைத்தால் எடை முழுவதும் தையலில் தொங்கும், தையல் விட்டுப்போனால் கண்ணாடி பயணியின் பின்கழுத்துக்கு நேராக வரும். பாலிகார்பனேட் இலேசானது, ஆனால் விறைப்பானது. அதோடு ரெக்சினிலிருந்து கசியும் அதே எண்ணெய் பட்டால் அதில் நுண்விரிசல் ஓடும் குணமும் உண்டு. இந்த இடத்துக்கு வளையும் ஷீட்தான் பொருத்தம், அது அடிக்கடி சாகும் என்றாலும்.

கடைசி மறுப்பு குஷன் கடைக்காரருடையது: மெஷின் தையலின் ஒழுங்கு கையில் வருமா, எங்கள் பிழைப்பு என்ன ஆவது? ஒழுங்கு வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரெக்சினை மடக்கும்போது பூச்சு வெடித்து உள்ளே துணி தெரிந்தாலோ, பழைய தையலோரம் விரலால் இழுத்தாலே கிழிந்தாலோ, புது ஷீட்டைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. அந்த வண்டி கடைக்குத்தான் போக வேண்டும், முழு டாப்பும் மாறத்தான் வேண்டும். அப்போது கடைக்காரர் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்று இருக்கிறது. ஷீட்டை நேராக ரெக்சினில் தைக்காமல், சுற்றிலும் ஒரு ரெக்சின் பட்டியில் தைத்து, அந்தப் பட்டியை டாப்போடு ஜிப்பாலோ தனித் தையலாலோ இணைத்துவிட்டால், அடுத்த முறை பட்டியை மட்டும் பிரித்து ஷீட்டை மாற்றிக்கொள்ளலாம். 1989இல் ஜப்பான் காரில் செய்த அதே யோசனைதான்; நம் கடைகளில் ஜிப்புக்கா பஞ்சம்?

மாற்றிய பிறகு ஷீட்டை நனைத்து, தூசியைத் தண்ணீரில் ஓடவிட்டு, மெல்லிய ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள். டாப்பின் இரும்புக் குழாய் ஷீட்டைத் தொடும் இடம் இருந்தால் அங்கே குழாயில் வெள்ளைத் துணி சுற்றிவிடுங்கள். வெயிலில் காய்ந்த இரும்பு தொட்ட கோட்டில்தான் ஷீட் முதலில் கருகும். வாடகை ஆட்டோவுக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம் தகுதிச் சான்றுக்காக (எப்.சி.) வண்டியைக் காட்ட வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. மழையில்தான் பின்பார்வை அதிகம் தேவைப்படும், ஆகவே எப்.சி. தேதி எப்போது வந்தாலும், ஷீட்டை ஆகஸ்ட், செப்டம்பருக்குள் மாற்றி முடித்துவிடுங்கள்.